எல்லைக்கல்லும் ஐபி முகவரியும்

நில அளவர் ஒருவரின் மகன் எல்லை பார்ப்பதில் பிழை செய்தான் என்றால் ஊரார் நம்பமாட்டார்கள். புணே நகரின் உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் பருவமழை குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் ஓர் இளைஞருக்கு அது நேர்ந்தது. அவர் பிழை செய்த எல்லை வயற்காட்டில் இல்லை. நாற்பதே வரிகள் கொண்ட ஒரு ஸ்கிரிப்ட்டில் இருந்தது.

ஆய்வு மாணவர் பலரும் அறிந்த வழக்கம்தான். துறையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளத் தனியே ஆள் இருப்பதில்லை. மூத்தவர் பட்டம் பெற்று வெளியேறும்போது சர்வரின் கடவுச்சொல்லை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அந்த வரிசையில் மூன்றாண்டுகளுக்கு முன் இவர் கைக்கு வந்தது ஒரு சேமிப்பு சர்வர். துறையின் மழைத் தரவுகள், மாதிரிக் கணிப்புகள், முதுகலை மாணவர்களின் வரைபடங்கள் யாவும் அதில்தான் இருந்தன. ஊதியமோ பதவிப் பெயரோ இல்லாத பொறுப்பு அது. இரவில் சர்வர் நின்றால் எல்லோரும் அழைப்பது இவரைத்தான்.

நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், சர்வரின் பதிவுக் கோப்பில் தவறான கடவுச்சொல்லோடு நுழைய முயன்ற வரிகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருப்பதை அவர் கண்டார். பெரும்பாலானவை கருவி ஆய்வகத்தின் பக்கமிருந்து வந்தன. அங்கே பழைய இயங்குதளத்தோடு ஓடிக்கொண்டிருந்த கணினிகள் சிலவற்றில் ஏதோ தீநிரல் புகுந்திருக்க வேண்டும். ஆய்வகம் முழுவதையும் அடைத்துவிட முடியாது. நல்ல கணினிகளும் அங்கே உண்டு. ஆகவே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். கடந்த ஒரு மாதப் பதிவிலிருந்து, இருபது முறைக்கு மேல் நுழையத் தவறிய முகவரிகளை அது எடுக்கும். அவற்றுள் கருவி ஆய்வகத்தின் வலையமைப்பைச் சேர்ந்தவற்றை மட்டும் வடிகட்டி ஃபயர்வாலின் தடைப்பட்டியலில் சேர்க்கும். ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்குத் தானாக ஓடும்.

கருவி ஆய்வகத்துக்கு ஒதுக்கப்பட்ட வலையமைப்பு 10.2.4.0/22. அவர் ஸ்கிரிப்ட்டில் எழுதிய நிபந்தனையோ, ‘10.2 என்று தொடங்கும் முகவரிகள்’ என்பது. சோதித்துப் பார்க்க மூன்று முகவரிகளைக் கொடுத்தார். மூன்றும் தொல்லை தந்த கணினிகளுடையவை. மூன்றும் சரியாகச் சிக்கின. மனநிறைவோடு விடுதிக்குத் திரும்பி உணவருந்தினார்.

இரவு பத்தே முக்காலுக்குக் கைப்பேசி ஒலித்தது. தேனியிலிருந்து வந்து முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. அயலூரில் இவரைத் தமையனாகவே கருதிப் பழகுபவள்.

“அண்ணா, சர்வர் நின்னுடுச்சா? ரொம்ப நேரமா சுத்திக்கிட்டே இருக்கு.”

“இல்லையேம்மா, இங்க நல்லா ஓடுதே. விடுதி வைஃபை சரியா இருக்கான்னு பாரு.”

“மத்ததெல்லாம் வருதுண்ணா. சர்வர் மட்டும்தான் வரல. அப்ளிகேஷனுக்கு அந்த மேப்பத் திருத்திப் போடணும். இன்னைக்கு ராத்திரி 11.59 வரைக்கும்தான் டைம்.”

“அப்ப ஒரு எட்டு ஆய்வகத்துக்கு வந்து பண்ணிடலாமே.”

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவள் சொன்னாள்: “பத்து மணிக்கே கேட்டப் பூட்டிட்டாங்கண்ணா.”

ஆண்கள் விடுதியின் வாயிலுக்கு அப்படி ஒரு பூட்டு இல்லை. நள்ளிரவில் நினைத்தால் நள்ளிரவிலேயே ஆய்வகத்துக்கு நடந்துபோகும் வசதி அவருக்கு இருந்தது. அந்த வசதி எல்லோருக்கும் இல்லை என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும் ஸ்கிரிப்ட் எழுதிய மாலையில் அது நினைவில் இல்லை. மகளிர் விடுதியில் இருப்பவர்களுக்குப் பத்து மணிக்குப் பின் துறைக்குச் செல்லும் ஒரே வழி வலைவழிதான்.

பதிவைத் திறந்து பார்த்தார். மகளிர் விடுதியின் முகவரி 10.24.0.1. அது தடைப்பட்டியலில் இருந்தது. ‘10.2 என்று தொடங்குபவை’ என்றால் 10.24-உம் அப்படித்தான் தொடங்குகிறது. 10.20 முதல் 10.29 வரையும், 10.200 முதல் 10.255 வரையும் உள்ள அனைத்தும் அப்படியே. அவருடைய விடுதி 10.31-இல் இருந்ததால் அவர் அறையில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

இருபது முறை தவறான கடவுச்சொல் அந்த விடுதியிலிருந்து எப்படி வந்தது? விடுதியின் வைஃபை ரூட்டர், உள்ளே இருக்கும் அனைவருக்கும் சேர்த்து வெளியே ஒரே முகவரியைத்தான் காட்டுகிறது. ஏறத்தாழ இருநூறு பெண்கள் ஒரு மாதத்தில் அவசரத்திலோ மறதியிலோ செய்த பிழைகளெல்லாம் ஒரே முகவரியின் கணக்கில் ஏறியிருந்தன. ஸ்கிரிப்ட்டின் பார்வைக்கு அது ஒரே ஒரு விடாப்பிடியான திருடன்.

பதினொன்று ஐந்துக்கு அவர் முதல் திருத்தத்தைச் செய்தார். 10.2 என்பதன் பின் ஒரு புள்ளி வைத்தார். ‘10.2.’ என்று தொடங்குபவை என்றால் 10.24 தப்பிவிடும் அல்லவா? பட்டியலைப் புதிதாக ஆக்கி, அவளை மீண்டும் முயலச் சொன்னார். சர்வர் வரவில்லை. மறுபடி முயலச் சொன்னார். வரவில்லை. கால் மணி நேரம் கரைந்த பிறகே காரணம் விளங்கியது. அவர் பயன்படுத்தியது கிரெப் என்னும் தேடற்கருவி. அதன் வடிவ மொழியில் புள்ளி என்பது புள்ளியைக் குறிக்காது. ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்று பொருள்படும். ஆகவே ‘10.2.’ என்ற வடிவத்தின் கடைசிப் புள்ளிக்கு, 10.24-இல் உள்ள 4 முழுதாகப் பொருந்திற்று. தமிழில் ஒரு புள்ளி க என்பதைக் க் ஆக்கும், ஒலியே மாறிவிடும். இங்கே புள்ளி வைத்தும் எதுவும் மாறவில்லை.

பதினொன்றரைக்குத் தடைப்பட்டியல் முழுவதையும் அழித்தார். பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு அவள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டதாகச் செய்தி வந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் நண்பர்களிடையே சொல்லிச் சிரிக்கும் செய்தியாக மட்டுமே மிஞ்சியிருக்கும். மறுநாள் முற்பகல் துறை வளாகத்தில் இன்னொரு மாணவியைப் பற்றித் தெரிய வந்தது. ஒடிசாவிலிருந்து வந்தவர், அதே விடுதி, அதே விண்ணப்பம். அவருக்கும் அன்றிரவு சர்வர் வரவில்லை. இவருடைய கைப்பேசி எண் அவரிடம் இல்லை. ஒன்பது மணி முதல் பலமுறை முயன்றுவிட்டு, கெடு கடந்ததும் கணினியை மூடிவிட்டுப் படுத்துவிட்டார். இவர் போய் மன்னிப்புக் கேட்டபோது அந்தப் பெண் கோபப்படவில்லை. தன் மடிக்கணினியில்தான் ஏதோ கோளாறு, பிழை தன்னுடையது என்று நினைத்ததாக ஹிந்தியில் சொன்னார். அந்தச் சொல் இவரை உறங்கவிடவில்லை.

அப்படி நினைக்கவைத்ததும் ஸ்கிரிப்ட்தான். ஃபயர்வால் ஒரு முகவரியை இரண்டு விதமாகத் தடுக்கலாம். வந்த பொதியைச் சத்தமின்றிக் கீழே போட்டுவிடுவது ஒன்று. ‘அனுமதி இல்லை’ என்று மறுமொழி அனுப்புவது மற்றொன்று. முதலாவதில், தடுக்கப்பட்டவருக்குத் தாம் தடுக்கப்பட்டோம் என்பதே தெரியாது. காத்திருப்பார், திரை சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் தம் கணினியையே ஐயுறுவார். இவர் தேர்ந்தெடுத்தது அந்த முதல் வகை. இணையத்துத் தாக்குதல்காரர்களுக்கு எதுவும் தெரியக்கூடாது என்பதற்காகச் சொல்லப்படும் அறிவுரையை, சொந்த வளாகத்து மாணவியர்மீது அப்படியே ஏவிவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் அவர் எழுதியவை, அழித்தவை, படித்தவை எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியே இருந்தன: ஒரு முகவரி ஒரு வலையமைப்புக்குள் இருக்கிறது என்பதன் பொருள் என்ன?

10.2.6.77 என்று எழுதினால் நம் கண் அதை நான்கு துண்டுகளாகப் பார்க்கிறது. கணினிக்கு அது 32 பிட் கொண்ட ஒற்றை எண். நான்கு துண்டுகளையும் இடமதிப்போடு கூட்டினால் 167904845 வரும். இடையிலுள்ள மூன்று புள்ளிகள் படிப்பவரின் வசதிக்காக இடப்பட்டவை. வலைக்கம்பியில் செல்லும் பொதியில் அவை இல்லை. 10.2.4.0/22 என்பதன் பொருள், முதல் 22 பிட் ஒன்றாக இருக்கும் முகவரிகள் எல்லாம் ஒரே வலையமைப்பு என்பது. மீதி 10 பிட், அதாவது 1024 முகவரிகள், அதன் உள்ளடக்கம். எண்ணாகச் சொன்னால் 167904256 முதல் 167905279 வரை. 10.2.6.77 அந்த இரண்டுக்கும் நடுவே விழுகிறது, ஆகவே உள்ளே. புள்ளியிட்டு எழுதினால் அந்த வலையமைப்பு 10.2.4.0-இல் தொடங்கி 10.2.7.255-இல் முடிகிறது. 10.2.8.0 வெளியே.

மூன்றாம் துண்டை மட்டும் இரும எண்ணாக எழுதினால் இது கண்ணுக்கே புலப்படும். 4 என்பது 00000100. 6 என்பது 00000110. 8 என்பது 00001000. முதல் இரு துண்டுகளில் 16 பிட் தீர்ந்தது. இங்கே பார்க்க வேண்டியவை இன்னும் 6. நான்குக்கும் ஆறுக்கும் அந்த முதல் 6 பிட் 000001. எட்டுக்கு 000010. எல்லை மூன்றாம் துண்டின் நடுவே, எந்தப் புள்ளியும் இல்லாத இடத்தில் ஓடுகிறது. ஆகவே எந்த முன்னொட்டைக் கொண்டும் இந்த வலையமைப்பைச் சரியாகப் பிடிக்க முடியாது. ‘10.2’ என்றால் விடுதி சிக்கும். புள்ளியின் சிக்கலைத் தீர்த்து ‘10.2.’ என்று சரியாகவே எழுதினாலும் 10.2.8-இல் இருந்த நூலகக் கணினிகள் சிக்கும். உண்மையில் அவற்றுள் ஒன்று முதல் நாளே சிக்கியிருந்தது; அதை யாரும் கவனிக்கவில்லை.

இந்தக் கண்மயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1981-இல் வகுக்கப்பட்ட நான்காம் பதிப்பு நெறிமுறையில் முகவரிகள் ஏ, பி, சி என வகுக்கப்பட்டன. ஏ வகுப்பின் வலையமைப்பு முதல் புள்ளியோடு முடியும். பி வகுப்புக்கு இரண்டாம் புள்ளி. சி வகுப்புக்கு மூன்றாம் புள்ளி. அன்று புள்ளியே எல்லையாக இருந்தது. 1985-இல் துணைவலை முறை வந்தபோது அந்த வசதி ஆட்டம் கண்டது. 65,536 முகவரி கொண்ட பி வகுப்பு பலருக்கு மிகப் பெரிது, 256 கொண்ட சி வகுப்பு மிகச் சிறிது. பி வகுப்பு தீர்ந்துபோகும் அச்சமும், உலக ரூட்டர்களின் வழிப்பட்டியல் ஊதிப் பெருத்த இடரும் சேர்ந்து, 1993-இல் வகுப்புகளற்ற முறையைக் கொண்டுவந்தன. அதுமுதல் எல்லை எந்தப் பிட்டிலும் விழலாம். மனிதக் கண் மட்டும் இன்னும் 1981-இலேயே நிற்கிறது. தனிப்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட 172.16.0.0/12 என்பதை ‘172.16 என்று தொடங்குபவை’ என்று எண்ணிக்கொள்வோர் இன்றும் உண்டு. அது 172.31.255.255 வரை நீள்கிறது.

சரியான வழி கடினமானதும் அன்று. பைத்தான் மொழியில் 2012-இல் வெளிவந்த 3.3 பதிப்பு முதல், முகவரிகளைக் கையாளும் நூலகம் மொழியோடு சேர்ந்தே வருகிறது. முகவரியை முகவரியாகவும் வலையமைப்பை வலையமைப்பாகவும் அறிவித்துவிட்டு, இது அதனுள் இருக்கிறதா என்று ஒரே வரியில் கேட்கலாம். அந்த நூலகம் கண்டிப்பானது. 10.2.6.0/22 என்று வலையமைப்பை எழுதினால் பிழை என்று நிறுத்திவிடும். ஏனெனில் அந்த /22 தொடங்குமிடம் 4, ஆறு அன்று. முகவரியின் துண்டுக்கு முன்னே வெறும் சுழியம் இட்டு 010 என்று எழுதினால் அண்மைப் பதிப்புகள் ஏற்பதில்லை. சில மென்பொருள்கள் அதைப் பத்து என்றும், சில எண்ம முறையில் எட்டு என்றும் படித்ததால் விளைந்த பாதுகாப்புக் குறை 2021-இல் வெளிப்பட்ட பின் வந்த மாற்றம் அது. முகவரிகளை எழுத்தாகவே வைத்து வரிசைப்படுத்தினால் 10.0.0.10 என்பது 10.0.0.2-க்கு முன்னே வந்து நிற்கும். எண்ணாக வைத்தால் அதனதன் இடத்தில் அமரும்.

பல கணினிகளுக்கு ஒரே நேரத்தில் பணி ஏவும் அன்சிபிள் போன்ற கருவியிலும் இதற்கென வடிகட்டிகள் உள்ளன. முகவரிப் பட்டியலையும் வலையமைப்பையும் கொடுத்தால், அதனுள் இருப்பவை மட்டும் திரும்பக் கிடைக்கும். தடுப்பதற்கு மட்டுமன்றித் தேர்ந்தெடுப்பதற்கும் இது வேண்டும். இன்று ஒரு கணினிக்கு ஒரு முகவரி என்ற காலம் இல்லை. டாக்கர் நிறுவிய கணினிகளிலெல்லாம் வழக்கமாக 172.17.0.1 என்ற உள்முகவரி ஒன்று இருக்கும். பட்டியலின் முதல் முகவரியை எடுத்துக்கொள் என்று எழுதிய ஸ்கிரிப்ட், பத்துக் கணினிகளுக்கும் அதே முகவரியைக் குறித்துவைத்துக்கொண்டு விழிக்கலாம். எந்த வலையமைப்பில் உள்ள முகவரி வேண்டும் என்று கேட்பதே முறை. ஆறாம் பதிப்பு முகவரிகளில் எழுத்தை நம்புவது இன்னும் ஆபத்து. ::1 என்பதும் 0:0:0:0:0:0:0:1 என்பதும் ஒரே முகவரி. எழுத்தாக ஒப்பிட்டால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை.

இவையெல்லாம் தெளிந்த பிறகும் அவருக்கு ஒரு குறை இருந்தது. கணக்கு சரியாகிவிட்டது, ஆனால் அன்றைய சோதனை ஏன் பிழையைக் காட்டவில்லை? ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தென்காசிப் பக்கத்திலுள்ள வீட்டுக்குப் பேசியபோது, தந்தையிடம் நடந்ததைச் சொன்னார். கணினியைப் பற்றி அறியாத அந்த ஓய்வுபெற்ற நில அளவருக்குப் புரியும்படி சொல்வது எளிதாகவே இருந்தது: சர்வே எண் 2-இன் உட்பிரிவு ஒன்றுக்கு வேலி போடச் சொன்னார்கள், 2 என்று தொடங்குகிறதே என்று 24-ஐயும் சேர்த்து அடைத்துவிட்டேன்.

தந்தை சிரிக்கவில்லை. “அளக்கும்போது பக்கத்து நிலத்துக்காரனக் கூப்பிட்டியா?” என்று கேட்டார்.

எல்லை அளக்குமுன் அண்டை நிலத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்து வரவழைப்பது அவர் பணியின் நடைமுறை. மனுக்கொடுத்தவர் காட்டுகிற வேலியைப் பார்த்து அளக்கக்கூடாது. புலப்படத்தைப் பார்த்து, கல்லைத் தேடி, அதிலிருந்து சங்கிலி பிடிக்க வேண்டும். அளந்து முடித்த பின், ‘இது உன் பக்கம் வரவில்லை’ என்று பக்கத்துக்காரன் கண்ணெதிரே காட்ட வேண்டும். எல்லை என்பது இரண்டு பேருடையது. உள்ளே இருப்பவனை மட்டும் கேட்டு நட்ட கல் நிற்காது.

மகன் தம் சோதனையில் கேட்டது உள்ளே இருந்த மூன்று பேரை மட்டுமே. சிக்க வேண்டியவை சிக்கினவா என்று பார்த்தார். சிக்கக்கூடாதவை தப்பினவா என்று பார்க்கவில்லை.

இப்போது அந்த ஸ்கிரிப்ட் வேறு விதமாக இருக்கிறது. வலையமைப்பைக் கணக்கால் பார்க்கிறது. பலர் பகிர்ந்துகொள்ளும் முகவரிகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அவை எத்தனை முறை தவறினாலும் தானாகத் தடுக்கப்படுவதில்லை, மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும். வளாகத்துக்கு வெளியே, செல்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொதுமுகவரிக்குப் பின் நிறுத்துகிற இக்காலத்தில் இந்த விதி இன்னும் தேவை. அத்தகைய பகிர்வுக்கென்றே 2012-இல் 100.64.0.0/10 ஒதுக்கப்பட்டது. தடை ஒரு நாளில் தானே விலகும். மாலை ஆறு மணிக்கு ஓடுவதில்லை. காலை பத்து மணிக்கு, அலுவல் நேரத்தில், முதலில் பட்டியலை அச்சிட்டுக் காட்டிவிட்டே ஓடுகிறது. தடுக்கப்பட்டவருக்கு உடனே மறுமொழி போகிறது. சர்வர் வராவிட்டால் யாரை அழைப்பது என்ற எண், துறை அறிவிப்புப் பலகையிலும் மகளிர் விடுதி வாயிலிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. தேனிப் பெண்ணுக்கு மட்டும் தெரிந்திருந்த எண் அது.

ஒடிசா மாணவிக்காக இவர் விண்ணப்பக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். பிழை யாருடையது என்பதை மழுப்பாமல், பதிவுக் கோப்பின் வரிகளோடு எழுதினார். கெடு கெடுதான் என்று பதில் வந்தது. அந்தப் பெண் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப் போகிறார்.

ஸ்கிரிப்ட்டோடு இப்போது ஒரு சோதனைக் கோப்பும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பட்டியலைத் தடைக்கு அனுப்புமுன் அது ஓடும்; அதில் எழுதப்பட்ட அண்டை முகவரி ஒன்றேனும் பட்டியலில் சிக்கியிருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். நூலகம், கருத்தரங்கக் கூடம், 10.2.3.255, 10.2.8.0 என எல்லையின் இரு கரையிலும் ஒட்டி நிற்கும் முகவரிகளெல்லாம் அதில் உண்டு. முதல் வரியில் இருப்பது 10.24.0.1. அதன் எதிரே, அடுத்து இந்தச் சர்வரின் பொறுப்பை ஏற்க வருபவருக்காக, ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது: ‘மகளிர் விடுதி. பத்து மணிக்குக் கதவு பூட்டப்படும். அதன்பின் இதுதான் அவர்களுக்கு வழி.’